உறுப்புத் தானம் பற்றி எங்கள் வீட்டில் பேசத் தொடங்கிய கதை

வன்னியில் இரத்தம் கேட்டால் ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. கோயில் திருவிழா, பாடசாலை ஆண்டு விழா, அகாலமாய்ப் போன நண்பனின் நினைவு நாள் என்று எதற்கும் இரத்ததான முகாம் வைக்கிறோம். பெடியள் மோட்டார் சைக்கிளில் கூட்டமாக வந்து கையை நீட்டிவிட்டுப் போவார்கள். யுத்த காலத்தில் காயக்காரருக்கு இரத்தம் கொடுக்க ஓடியவர்கள் பலர் இன்றும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. அதே ஆட்களிடம், "செத்த பிறகு சிறுநீரகம், ஈரல் குடுப்பியளோ?" என்று கேட்டுப் பாருங்கள். கதை அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

இதை அறியாமை, மூடநம்பிக்கை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். என் அக்காவின் மகனுக்கு நடந்ததற்குப் பிறகு என்னால் அப்படிச் சொல்ல முடியாது. 2009இல் முள்ளிவாய்க்காலில் சொந்தங்களைப் பதுங்குகுழிக்குள்ளேயே மூடிவிட்டு நடந்து வந்த சனம் நாங்கள். வாய்க்கரிசி இல்லை, காடாத்து இல்லை, எந்த இடம் என்று திரும்பிப் போய்ப் பார்க்கவும் வழியில்லை. 2023 ஜூன் மாதம் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் பதிக்க வெட்டிய கிடங்கில் எலும்புகள் வெளிவந்தபோது, உடுப்புத் துண்டு ஏதாவது அடையாளம் தெரியுமா என்று நெஞ்சு பதறிய பெண்கள் எங்கள் ஊரிலும் உண்டு. அக்கா அவர்களில் ஒருத்தி. அத்தான் அந்தக் கடைசி மாதங்களில் காணாமல் போனவர். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

அப்படிப்பட்ட ஒரு தாயிடம், கையில் இருக்கிற ஒரே பிள்ளையின் உடம்பைப் பற்றித்தான் கேட்டார்கள். அவள் முதலில் என்ன சொல்லியிருப்பாள் என்று நான் எழுதத் தேவையில்லை.

அந்தப் பிள்ளைக்கு, என் மருமகனுக்கு, அப்போது இருபத்து நாலு வயது. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு நோக்கி வருகிற வீதியில், ஒட்டுசுட்டான் தாண்டி, இரவில் மாடு குறுக்கே வந்து விழுந்தான். அந்த வீதியில் இரவு ஓடியவர்களுக்குத் தெரியும், மாடுகள் தார் வீதியிலேயே படுத்திருக்கும், வெளிச்சம் பட்டதும் எழும்பும். ஹெல்மெட் போட்டிருந்தான், பட்டி பூட்டியிருக்கவில்லை. முதலில் மாவட்ட ஆஸ்பத்திரி, அங்கிருந்து அம்புலன்சில் இன்னொரு பெரிய ஆஸ்பத்திரி. ஐசியூவில் போட்டார்கள். மிஷின் மூச்சு விட்டது. நெஞ்சு ஏறி இறங்கியது. கை தொட்டால் சூடு. திரையில் இதயத் துடிப்பு ஓடிக்கொண்டே இருந்தது.

கேட்ட விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருந்தது. முதல் தடவை ஐசியூ வாசலில், ஆட்கள் போய் வருகிற இடத்தில் வைத்து, ஒரு வைத்தியர் நின்றபடியே சொன்னார். அவருக்குத் தமிழ் அவ்வளவாக வராது. பக்கத்தில் நின்ற சிற்றூழியர் மொழிபெயர்த்தார். மூளை செத்துப் போச்சு, கிட்னி குடுக்கலாம், விருப்பமோ, இவ்வளவும் ஒரே மூச்சில். அக்காவின் காதில் கடைசிச் சொல்தான் விழுந்தது. "என்ர பிள்ளை மூச்சு விடுறான், இவங்கள் கிட்னி கேக்கிறாங்கள்" என்று அவள் கத்தியதில் வார்டே திரும்பிப் பார்த்தது. எங்களுடன் வந்த பெடியள் கொதித்துவிட்டார்கள். உடனே வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டும் என்று ஒருவர், தனியாருக்குக் கொண்டு போவோம் என்று இன்னொருவர். அந்த வைத்தியர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு நேரம் இல்லை, எங்களுக்கு அது தெரியாது.

அடுத்த நாள் காலை இந்த வேலைக்கென்றே பயிற்சி எடுத்த ஒரு தாதி வந்தார். தமிழ் ஆள். எங்களை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப் போய், கதிரை தந்து, தானும் இருந்தார். உறுப்பைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. ஸ்கான் படத்தை வெளிச்சத்தில் பிடித்து எங்கே இரத்தம் கட்டியிருக்கிறது, எங்கே வீங்கி நெரித்திருக்கிறது என்று காட்டினார். அவர் சொன்னவற்றை என்னால் முடிந்தவரை தெளிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இதைத் தெரிந்து வைத்திருப்பது எந்தக் குடும்பத்துக்கும் தேவைப்படலாம்.

கோமாவில் இருப்பவரின் மூளை வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அவர் எழும்பலாம், எழும்பாமலும் போகலாம். மூளைச்சாவு அதுவல்ல. மூச்சை நடத்துகிற மூளைத்தண்டு உட்பட முழு மூளையும் திரும்பி வராதபடி நின்றுவிட்டது. இலங்கைச் சட்டப்படியும் அது மரணம்தான். கண்ணுக்கு வெளிச்சம் அடித்தால் கண்மணி சுருங்காது, தொண்டைக்குள் குழாய் பட்டால் இருமல் வராது. கடைசியாக ஒரு சோதனை: ஒட்சிசனை மட்டும் விட்டுக்கொண்டு மிஷினைக் கழற்றி, இரத்தத்தில் காபனீரொட்சைட்டு ஏறும்வரை காத்திருந்து, உடம்பு தானாக ஒரு மூச்சாவது எடுக்கிறதா என்று பார்ப்பார்கள். இவற்றை ஒரு தடவையோடு விடுவதில்லை. இடைவெளி விட்டுத் திரும்பவும் செய்வார்கள். செய்கிற வைத்தியர்கள் உறுப்பு மாற்றுகிற குழுவைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். இதயத்துக்குத் தனியே துடிக்கிற சக்தி இருக்கிறது, அதனால்தான் மிஷின் காற்றுக் கொடுக்கும்வரை அது கொஞ்ச நேரம் ஓடுகிறது.

அக்காவுக்கு இது ஏறவில்லை. எனக்கும் முழுதாக ஏறியதென்று சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய எங்கள் சித்தப்பாதான் அவளுக்குப் பக்கத்தில் இருந்து சொன்னார்: "பிள்ளை, செல்லடியிலை வட்டுப் போன பனையளைப் பாத்தனிதானே. எவ்வளவு காலம் நிமிந்து நிண்டது. ஆனா ஒரு குருத்து வந்ததோ?" அக்கா அதற்குப் பிறகுதான் அழத் தொடங்கினாள். அதுவரை அவள் அழவில்லை.

அந்தத் தாதி அதைப் பார்த்துவிட்டு எழும்பிப் போனார். மத்தியானம் தாண்டித்தான் திரும்பி வந்தார். மரணத்தைச் சொல்வதற்கும் தானத்தைக் கேட்பதற்கும் இடையில் அவர் விட்ட அந்த இடைவெளிக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். ஆஸ்பத்திரிகளில் வேலை செய்பவர்கள் யாராவது இதை வாசித்தால் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: இரண்டையும் ஒரே வாயால், ஒரே நேரத்தில் சொல்லாதீர்கள். முதலில் பிள்ளை செத்துவிட்டான் என்பதைக் குடும்பம் தன் வாயால் சொல்லட்டும்.

இடைப்பட்ட அந்த நேரத்தில் வெளியே வேப்ப மரத்தடியில் நடந்த கதைகளில்தான் எங்கள் சனத்தின் மனநிலை முழுவதும் இருந்தது. ஒரு மாமி சொன்னார், ஈரல் இல்லாமல் எரித்தால் அடுத்த பிறப்பில் குறையோடு பிறப்பான் என்று. அதற்குச் சித்தப்பா, கண்ணப்ப நாயனார் கண்ணைப் பிடுங்கி அப்பினாரே, அவர் என்ன குருடாகவா கயிலை போனார் என்று கேட்டார். மாமி பேசாமல் இருந்துவிட்டார். சமயம் இங்கே பெரிய தடை இல்லை என்பது என் அனுபவம். எங்களோடு நின்ற கத்தோலிக்கச் சிநேகிதர் ஒருவர், பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரே 2000இல் ரோமில் நடந்த மாற்று அறுவைச் சிகிச்சை மாநாட்டில் இதை ஆதரித்துப் பேசியவர் என்று சொன்னார்.

பெரிய தடைகள் வேறு. ஒன்று, சந்தேகம். "கிட்னிக்காகத்தான் பெடியனைக் காப்பாத்தாமல் விடுறாங்கள்." இன்னொன்று, விற்பனை. "கொழும்பிலை கோடிக்கணக்கிலை போகுதாம்." இந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல முடியாது. 2016 ஆரம்பத்தில் வெளிநாட்டவர்களுக்குச் சிறுநீரகம் மாற்றுவதை அரசாங்கம் நிறுத்தியதே கொழும்பில் சிறுநீரக வியாபாரம் நடக்கிறதென்ற குற்றச்சாட்டு வந்த பிறகுதான். ஆனால் அந்த வியாபாரம் உயிரோடு இருக்கிற ஏழைகளிடம் சிறுநீரகம் வாங்கிய வியாபாரம். ஐசியூவில் மூளைச்சாவு அடைந்தவர் பற்றிய விசயம் பல வைத்தியர்கள் கையெழுத்து வைத்து, பல பேர் கண் முன்னால் நடப்பது. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால் ஒளித்துச் செய்கிறவன் தப்பிவிடுகிறான், வெளிப்படையாகச் செய்கிறவன் மாட்டுப்படுகிறான்.

மூன்றாவதை மெதுவாகத்தான் சொன்னார்கள். "ஆருக்குப் போகும்?" அதாவது, எங்கள் பிள்ளைகளைக் கொன்றவர்களுக்கா போகும் என்று. இதை மறைத்து எழுதினால் நான் எழுதியதில் பொருள் இல்லை. உறுப்பு யாருக்கு என்பதை இரத்த வகை, இழையப் பொருத்தம், உடம்பின் அளவு, அவசரம், தூரம் இவைதான் தீர்மானிக்கின்றன. கொடுக்கிற குடும்பம் ஆளைத் தெரிவு செய்ய முடியாது. அந்தப் பதில் எல்லோருக்கும் போதவில்லை. நெடுங்கேணிப் பக்கத்து விவசாயி ஒருவர் அங்கே தன் தமையனின் டயலிசிசுக்காக, அதாவது மிஷினில் இரத்தம் சுத்திகரிப்பதற்காக, வந்து நின்றார். அவர் சொன்னதைத்தான் எல்லோரும் கேட்டார்கள். "அங்கால பதவியா, மதவாச்சிச் சிங்களச் சனத்துக்கும் இதே வருத்தம்தான். மிஷினிலை பக்கத்துக் கட்டிலிலை கிடக்கிறவனும் என்னைப் போலை வயல்காரன்தான்." காரணம் தெளிவாகப் பிடிபடாத அந்தச் சிறுநீரக நோய் 1990களில் வடமத்திய மாகாணத்தில் கவனத்துக்கு வந்தது, வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளிலும் இருக்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் நாலு மணித்தியாலம் மிஷினில் கிடக்க வேண்டும். விடியப் பஸ் ஏறினால் வீடு திரும்ப இரவு. வயலைப் பார்ப்பது யார்?

வெளிநாட்டிலிருந்து போன் வரத் தொடங்கியது. எங்கள் குடும்பங்களில் எந்தப் பெரிய முடிவும் சுவிசையும் லண்டனையும் கேட்காமல் நடப்பதில்லை. லண்டன் அண்ணா சொன்னார், தங்கள் பக்கம் 2020 மே மாதத்திலிருந்து, வேண்டாம் என்று பதியாத வளர்ந்தவர்கள் எல்லோரும் சம்மதித்தவர்கள் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்கிறது, வேல்ஸில் அது 2015 டிசம்பரிலேயே வந்துவிட்டது, இங்கேயும் அப்படி ஒரு சட்டம் இருந்தால் அக்காவுக்கு இந்த வேதனை வந்திருக்காதே என்று. சுவிஸ் தங்கச்சி, அங்கேயும் 2022 மே மாதம் சனத்திடம் வாக்குக் கேட்டு, நூற்றுக்கு அறுபதளவில் ஆதரவு கிடைத்து அந்த முறைக்கு மாற முடிவெடுத்தார்கள் என்றாள். ஜேர்மனியில் 2020 ஜனவரியில் நாடாளுமன்றம் அதை வேண்டாம் என்று தள்ளியது என்பதையும் அவளே சொன்னாள்.

இலங்கையில் இருப்பது 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம். மனித இழையங்களை மாற்றுவது பற்றியது. உயிரோடு இருக்கும்போது எழுத்தில் சம்மதம் கொடுத்து வைக்கலாம். அப்படி எழுதி வைக்காவிட்டால் இறந்த பிறகு நெருங்கிய உறவினர் சம்மதிக்க வேண்டும். விற்பதும் வாங்குவதும் குற்றம். எனக்கு இந்த முறைதான் சரியென்று படுகிறது. மௌனம் சம்மதம் என்பார்கள். வன்னியில் மௌனத்துக்கு அந்தப் பொருள் இல்லை. பயத்தில் வாய் மூடியிருந்து, அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டு போனவர்களைப் பார்த்த சனம் இது. அக்காவிடம் அத்தானுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி எத்தனை தடவை படிவம் நீட்டினார்கள்! உடம்பைக் காட்டாமல், என்ன நடந்தது என்று சொல்லாமல், செத்துவிட்டார் என்று அவளே கையெழுத்து வைக்க வேண்டுமாம். 2016இல் சட்டத்தைத் திருத்தி, ஆள் காணவில்லை என்று மட்டும் சொல்கிற சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அவள் அதையும் எடுக்கவில்லை. அப்படிப்பட்ட இடத்தில், நீ வேண்டாம் என்று சொல்லவில்லையே, அதனால் எடுத்தோம் என்று ஒரு சட்டம் வந்தால், நாளைக்கு இரத்தம் கொடுக்கிறவனும் வரமாட்டான்.

அதோடு, சம்மதத்தை ஊகிக்கிற நாடுகளிலும் நடைமுறையில் குடும்பத்தைக் கேட்காமல் எடுப்பது குறைவு. ஸ்பெயின் 1979இலேயே அப்படிச் சட்டம் போட்டது. தானம் அங்கே உயர்ந்தது 1989க்குப் பிறகு, தேசிய அமைப்பு ஒன்றை நிறுவி, ஆஸ்பத்திரிகளில் குடும்பத்தோடு பேசப் பயிற்சி பெற்ற ஆட்களை நியமித்த பிறகுதான். இன்றுவரை குடும்பத்திடம் கேட்டுத்தான் செய்கிறார்கள். எங்களுக்குக் கதிரை தந்த அந்தத் தாதியைப் போன்ற ஆட்கள் வடக்கில் எல்லாப் பெரிய ஆஸ்பத்திரியிலும் இருக்க வேண்டும், தமிழில் பேச வேண்டும். சட்டத்தை மாற்றுவதை விட இதைச் செய்வது அவசரம்.

சித்தப்பா தமிழ்நாட்டுக் கதையைச் சொன்னார். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து வைத்தியத் தம்பதியின் மகன் ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, தாய் தகப்பன் அவன் உறுப்புகளைக் கொடுத்தார்கள். அந்த இதயத்தைக் கொண்டு போகப் பொலிஸ் வீதியை மறித்துக் கொடுத்தது. தமிழ்நாட்டில் சனத்தின் மனம் மாறியதற்கு அந்த ஒரு குடும்பம் பெரிய காரணம். உறுப்புத் தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரச மரியாதையோடு நடக்கும் என்று முதலமைச்சர் ஸ்டாலின் 2023 செப்டம்பரில் அறிவித்ததும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உறுப்புக் கொடுத்த குடும்பத்துக்கு முன்னால் ஊரே எழும்பி நிற்கிறது. எங்களுக்கு அந்த மாதிரி மரியாதை எவ்வளவு தேவை என்று பின்னால் தெரிந்தது.

அந்தத் தாதி திரும்பி வந்தபோது அக்கா கேட்டது ஒரே கேள்வி. "உடம்பைத் தருவியளோ? எப்ப தருவியள்?" கொடுப்பதா வேண்டாமா என்பதற்கு முன்னால் அவளுக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது. விபத்து மரணம் என்பதால் தானம் செய்தாலும் செய்யாவிட்டாலும் சட்ட வைத்திய அதிகாரி, திடீர் மரண விசாரணை அதிகாரி, பொலிஸ் என்று எல்லாம் உண்டு, பிரேத பரிசோதனைக்கு வெட்டத்தான் செய்வார்கள், உறுப்பு எடுக்கவும் அவர்களுடைய அனுமதி வேண்டும் என்று விளக்கினார். உறுப்பு எடுப்பது தியேட்டரில் நடக்கிற ஒப்பரேசன், தைத்து, கழுவி, வெள்ளை சுற்றித்தான் தருவோம், முகத்தைத் திறந்து வைக்கலாம், பெட்டியை மூடத் தேவையில்லை என்று சொன்னார். எத்தனை மணிக்குத் தர முடியும் என்றும் சொன்னார். சொன்ன நேரத்தை விடக் கொஞ்சம் பிந்தியது, ஆனால் பிந்துகிறது என்று ஒவ்வொரு தடவையும் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். சிறுநீரகம்? அக்கா தலையாட்டினாள். ஈரல்? கொஞ்சம் பொறுத்து, சரி என்றாள். இதயத்துக்கு எடுத்த பிறகு நாலைந்து மணித்தியாலம்தான் அவகாசம், பொருத்தமான ஆள் அந்த நேரத்துக்குள் எட்ட வேண்டும், அது சரிவராது போலிருக்கிறது என்று அவரே சொல்லிவிட்டார். சிறுநீரகம் குளிரில் ஒரு நாளளவு தாங்கும். கண்? "கண் வேண்டாம் மிஸ். கண்ணை விடுங்கோ." தாதி ஏன் என்று கேட்கவில்லை. கண் என்ற வரிக்கு நேரே இல்லை என்று எழுதி, எழுதியதை அக்காவுக்கே வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துக் கேட்டார். எல்லாம் அல்லது ஒன்றுமில்லை என்று இதைப் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. எதைக் கொடுப்பது, எது வேண்டாம் என்று சொல்லலாம். சத்திரசிகிச்சை தொடங்கும்வரை மனதை மாற்றிக்கொள்ளலாம் என்றும் எங்களுக்குச் சொன்னார்கள்.

செத்தவீட்டில் முறை எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. அக்கா அவன் முகத்தைத் தடவிக் கொண்டே இருந்தாள். பதினாலு வருடத்துக்கும் மேலாக அவளுக்குக் கிடைக்காத ஒன்று அது, ஒரு உடம்புக்குப் பக்கத்தில் இருந்து அழுவது.

எட்டுச் செலவு முடிவதற்குள் கதை வந்துவிட்டது. "எவ்வளவு வாங்கினவையாம்?" முதலில் கடையடியில், பிறகு கிணற்றடியில், கடைசியில் அக்காவின் காதில். இதற்கு நாங்கள் தயாராக இருக்கவில்லை. சம்மதப் படிவத்தின் பிரதி என்னிடம் இருந்தது. சித்தப்பாவும் நானும் அதைக் கிராம சேவகரிடமும் கோயில் தர்மகர்த்தாவிடமும் கொண்டுபோய்க் காட்டி, சபையில் ஒரு தடவை வெளிப்படையாகச் சொல்லச் செய்தோம். ஒரு சதம் வாங்கவில்லை, கொடுக்கவுமில்லை, சட்டம் விடாது என்று. அந்தியேட்டிக்கு வந்த ஐயரும் தானம் என்று அதைப் பெயர் சொல்லிப் பேசினார். கதை குறைந்தது. முழுதாக நின்றது என்று சொல்ல மாட்டேன். இந்த முடிவுக்கு வருகிற குடும்பங்களுக்குச் சொல்கிறேன்: படிவத்தின் பிரதி ஒன்று கேட்டு வாங்குங்கள், ஊரில் மதிப்புள்ள ஒருவரை ஆஸ்பத்திரியிலேயே பக்கத்தில் வைத்திருங்கள், செத்தவீட்டிலேயே நீங்களாகச் சொல்லிவிடுங்கள். ஒளித்தால் ஊர் தானாகக் கதை கட்டும்.

யாருக்குப் போனது என்று எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவதுதான் முறை. அக்காவுக்கு அதில் மனக்குறை இருக்கிறது. அதைத் தீர்க்க என்னிடம் வழி இல்லை.

உயிரோடு இருப்பவர்கள் கொடுப்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இலங்கையில் சிறுநீரக மாற்றில் பெரும்பகுதி இதுதான். பேப்பரில் இரத்த வகை போட்டு, சிறுநீரகம் தேவை என்று வருகிற அறிவித்தலைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் பக்கத்து ஊரில் கணவனுக்குக் கொடுத்த ஒரு பெண் இருக்கிறாள். மனமார்ந்துதான் கொடுத்தாள், இன்றைக்கு இருவரும் நலம். ஆனால் மாமியாரும் மச்சாள்மாரும் சுற்றி நிற்க, "நீர் குடுப்பீர்தானே" என்று கேட்டால் எந்தப் பெண் இல்லை என்பாள்? ஆஸ்பத்திரியில் அவளைத் தனியே அழைத்து, விருப்பம் இல்லையென்றால் பொருத்தம் இல்லை என்று வீட்டுக்குச் சொல்லிவிடுகிறோம் என்று கேட்டார்களாம். அந்த ஒரு கேள்வி அவளுக்கு எவ்வளவு பெரிய மரியாதையாக இருந்தது என்று அவள் இன்றும் சொல்வாள். மாற்றிய பிறகும் கணவன் ஆயுள் முழுக்க மருந்து எடுக்க வேண்டும். நிறுத்தினால் உடம்பு புதுச் சிறுநீரகத்தைத் தள்ளிவிடும். இதைத் தெரியாமல் ஒரு ஒப்பரேசனோடு முடிந்தது என்று நினைக்கிற குடும்பங்கள் உண்டு.

கண் தானம் வேறு வழி. அதற்கு ஐசியூ தேவையில்லை. இதயம் நின்ற பிறகும், வீட்டில் இறந்தாலும் கொடுக்கலாம். வயது பெரிய தடை இல்லை, கண்ணாடி போட்டவரும் சீனி வருத்தக்காரரும் கண்புரை வெட்டியவரும் கொடுக்கலாம். டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண் தானச் சங்கம் 1964இலிருந்து வெளிநாடுகளுக்கும் கண் அனுப்புகிறது. எகிப்திலும் பாகிஸ்தானிலும் ஜப்பானிலும் இலங்கைக் கண்ணால் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். சிங்கள மக்களிடம் அது ஊறியதற்குச் சிபி மன்னன் கண்ணைக் கொடுத்த ஜாதகக் கதையும் ஒரு காரணம். எங்கள் புறநானூற்றில் புறாவுக்காகத் தன்னைக் கொடுத்த அதே சிபிதான். வன்னியில் சிக்கல் நேரம். பொதுவாக ஆறு மணித்தியாலத்துக்குள் எடுத்துவிட வேண்டும். முள்ளியவளையில் விடியப்புறம் ஒருவர் இறந்தால், யாரைக் கூப்பிடுவது என்று தேடத் தொடங்கும்போதே பாதி நேரம் போய்விடும். அதனால் விருப்பம் உள்ளவர்கள் கிட்டிய ஆஸ்பத்திரியின் கண் பிரிவில் இப்போதே போய்க் கேட்டு, தொலைபேசி இலக்கத்தைச் சுவரில் எழுதி வையுங்கள். ஆட்கள் வரும்வரை இமையை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலையைக் கொஞ்சம் உயர்த்தி, மின்விசிறியை நிற்பாட்டிவிட வேண்டும்.

உடல் தானம் இன்னொன்று. அது யாழ்ப்பாண மருத்துவ பீடம் போன்ற இடங்களுக்கு மாணவர் படிக்கக் கொடுப்பது. அதில் காடாத்து உடனே கிடையாது. உறுப்புத் தானத்தில் உடம்பு திரும்பி வரும். எங்கள் ஊரில் பாதிப் பயம் இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால் வருகிறது. உடம்பில் யுத்தத்தில் பட்ட சன்னம் இருக்கிறது, நான் கொடுக்க முடியுமா என்று பலர் என்னிடம் கேட்கிறார்கள். அதனால் மட்டும் முடியாது என்றில்லை. எந்த உறுப்பு எடுக்கலாம் என்பதை அந்த நேரத்தில் வைத்தியர்கள் சோதித்துச் சொல்வார்கள்.

மருமகன் தன் விருப்பத்தை எப்போதாவது சொல்லியிருந்தால் அக்கா அந்த அறையில் அவ்வளவு தனியாக நின்றிருக்க மாட்டாள். இருபத்து நாலு வயதுப் பெடியனோடு சாவைப் பற்றி யார் பேசுவார்கள்? இப்போது நாங்கள் பேசுகிறோம். திவசத்துக்கு எல்லோரும் கூடியபோது ஒரு கொப்பி எடுத்து ஒவ்வொருவரும் எழுதினோம். நான் சிறுநீரகம், ஈரல், இதயம், கண் எல்லாம் சரி என்று எழுதி, முடிவு கேட்க வேண்டிய ஆள் என் மூத்த மகள் என்று அவள் பெயரையும் போட்டேன். மனைவிக்கு அந்த நேரம் தாங்காது, அதை அவளே சொன்னாள். சித்தப்பா கண்ணை மட்டும் எழுதினார். மாமி, யோசித்துச் சொல்கிறேன் என்றார், அப்படியே எழுதினோம். அக்கா தனக்கு எல்லாவற்றையும் எழுதச் சொன்னாள், கண்ணையும். என் கடைசி மகன் தனக்கு ஒன்றும் வேண்டாம், முழுசாய்த்தான் எரிக்க வேண்டும் என்றான். காரணம் கேட்கவில்லை. அவன் பெயருக்கு நேரே அதை எழுதி, அவனையே கையெழுத்து வைக்கச் சொன்னோம். மூத்தவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்: அவன் விசயத்தில் யார் வந்து எவ்வளவு நல்லதாகப் பேசினாலும், இந்தக் கொப்பியைக் காட்டு.